ஏழாவது ஷரத்து

பத்திரம் டைப் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, டானிக் பாட்டிலைச் சுற்றிய தாளானாலும் சரி, அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்றுதான் கண் முதலில் போகும். எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆறு வருட வேலையில் அந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்தது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஜாதகத்தில் செவ்வாய் என்று சொல்லி என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதால்தான் எனக்கு வேலைக்குப் போக அனுமதி கிடைத்தது. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் என்னைப் படிக்க வைக்கவில்லை. எனக்கு எட்டு வயது இளையவள் என் தங்கை. அவள் காலத்தில் அப்பா கொஞ்சம் இளகியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, சேலத்தில் பெண்கள் கல்லூரியில் சேர்த்துவிட்டார். எங்கள் வகையறாவில் டிகிரிக்குப் போன முதல் பெண் பிள்ளை அவள்தான். எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் நான் சாலையின் இந்தப் பக்கம் நின்று நாமக்கல் பஸ்ஸில் ஏறுவேன். அவள் அந்தப் பக்கம் நின்று சேலம் பஸ்ஸில் ஏறுவாள். நோட்டுப் புத்தகங்களை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நிற்பாள்.

கல்லூரி திறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. பஸ்ஸில் ஒருவன் தினமும் அவள் பின்னாலேயே வந்து நிற்கிறான் என்று எங்கள் சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தங்கையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"இன்னொருக்கா இப்பிடி ஒரு பேச்சு வந்துச்சுன்னா காலேஜு வேண்டாம் அம்முணி. ஊட்டோட இருந்துக்கலாம்."

எங்கள் அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அம்மாவும் அதற்கு மறுவார்த்தை சொல்லிப் பழக்கமில்லை. ஆக, மூன்று வருடப் படிப்பு முன்பின் தெரியாத ஒருவனுடைய கையில் இருந்தது. அவனோ அவனைப் போல இன்னொருவனோ ஒரு நாள் பஸ்ஸில் தப்பாக நடந்தால் போதும், அவள் படிப்பு முடிந்தது. எனக்கு அதை நினைத்து எரிச்சலாக வந்ததே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தவள் தங்கைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "நான் கராத்தே கத்துக்கறேனுங்கப்பா" என்றாள்.

அது கராத்தே பித்துப் பிடித்திருந்த காலம். முடிதிருத்தும் கடைச் சுவரில் எல்லாம் காலைத் தூக்கி உதைக்கிற படங்கள்தான். எங்கள் ஊர்ப் பையன்கள் கையால் ஓடு உடைத்துப் பழகியதில் மாட்டுக் கொட்டகைகளின் நாட்டு ஓடு குறைந்துகொண்டே வந்தது. பாதிப் பேர் கையில் துணிக் கட்டோடு திரிந்தார்கள். ஆனால் ஒரு பெண் பிள்ளை கராத்தே கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எத்தன நாளு கத்துக்கோணும்?"

"மூணு வருசமுங்கப்பா. சேலத்துல. ஞாயித்துக்கிழம காலைல மட்டுந்தானுங்க."

"பணம்?"

அவள் சொன்னாள். மூன்று வருடத்துக்கும் சேர்த்து நல்ல கறவை எருமை ஒன்று வாங்குகிற பணம் வந்தது. சேரும்போது பாதி, தை மாதத்துக்குள் மீதி.

அப்பாவுக்குப் பணம் விஷயத்தில் ஒரு குணம். கொடுப்பதற்கு முன் ஆயிரம் யோசனை செய்வார். கொடுத்துவிட்டால், கொடுத்ததைக் கடைசிச் சொட்டு வரை வாங்காமல் விடமாட்டார். ஒரு முறை பல் வலி என்று டாக்டரிடம் போய், இரண்டு பல்லைப் பிடுங்குவதற்குப் பணம் கட்டினார். ஒன்றைப் பிடுங்கியதுமே வலி போய்விட்டது, இன்னொன்று இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். "பணங் கட்டியாச்சுங்களே" என்று சொல்லி நல்ல பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தவர் அவர்.

அன்றைக்கும் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "அவங்க குடுக்கற பத்திரத்த நீ படிச்சுப் பாரு. நீ செரின்னா செரி."

அப்படித்தான் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

நாமக்கல்லிலேயே, கோட்டை அடிவாரத்தில் ஒருவர் கராத்தே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே மாதாமாதம் பணம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் நின்றுவிடலாம், பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. அதில் சேரலாமே என்று தங்கையிடம் கேட்டேன். "அங்க பொண்ணுங்களே இல்லக்கா" என்றாள். அது உண்மைதான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் போய் அந்தப் பள்ளியைப் பார்த்தோம். அரிசி மண்டி ஒன்றுக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடி. வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக ஒன்பது பெண்கள் வரிசையில் நின்று, காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒயர்கூடைகளை வைத்துக்கொண்டு அவர்களுடைய அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சேர்ந்து கத்தும்போதெல்லாம் கீழே மூட்டை சுமக்கிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாஸ்டர் பயில்வான் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைப் போல ஒல்லியாக இருந்தார். மெதுவாகப் பேசினார். மலேயாவில் கற்றவர் என்று ஒரு அம்மா சொன்னார்.

அவர் கொடுத்த ஒப்பந்தத் தாள் நான்கு பக்கம். பதின்மூன்று ஷரத்துகள். பஸ்ஸில் திரும்பும்போதே வழக்கம்போல் கடைசியிலிருந்து படித்து முடித்துவிட்டேன். சீருடையை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் பரீட்சைக் கட்டணம் தனி. பயிற்சியில் அடிபட்டால் பள்ளி பொறுப்பல்ல. கற்ற வித்தையைப் பள்ளிக்கு வெளியே எங்கும் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் நீக்கம். இதையெல்லாம்விட என் கண்ணை உறுத்தியது ஏழாவது. மாணவர் எக்காரணம் கொண்டு இடையில் விலகினாலும் கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது, மூன்று வருடக் கட்டணத்தில் மீதி இருப்பதையும் கட்டித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் எங்கள் எழுத்தரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை படித்தார். "இது குத்தகைப் பத்திரமம்மா. நெலத்துக்குப் பதிலாப் புள்ள. குத்தகைக்காரனாச்சும் மழ பேயலைன்னாத் தள்ளுபடி கேக்கலாம். இதுல அதுவுமில்ல" என்றார்.

அப்போது ஆடி மாதம் பிறந்திருந்தது. ஆடியில் யாரும் நிலம் வாங்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள். பத்திர ஆபீஸ்களில் ஈ ஓட்டுகிற மாதம் அது. எங்கள் எழுத்தருக்கும் பொழுது போகவில்லை, எனக்கும் போகவில்லை. அந்த நான்கு பக்கத்தை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு, தென்னந்தோப்புக் கிரயப் பத்திரம் ஒன்றைப் பார்க்கிற மாதிரி இருவரும் பார்த்தோம். சொல்லுக்குச் சொல் அடித்தோம், சேர்த்தோம். வேலை இல்லாத காலத்தில் கிடைத்த வேலையானதால் அதில் ஒரு ருசியும் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் திருத்திய தாளோடு சேலத்துக்குப் போவேன், மாஸ்டரிடம் வாதாடுவேன், அரைகுறையாக அவர் ஒப்புக்கொண்டதோடு திரும்பி வருவேன்.

தங்கைக்குப் பொறுமை இல்லை. "ஆடிப் பதினெட்டு நல்ல நாளுதானக்கா. அன்னைக்குச் சேந்துரலாம். அப்பிடியே கையெழுத்துப் போட்டுரு, ஒண்ணும் திருத்த வேண்டாம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

"நாலு பக்கம் படிக்காமக் கையெழுத்துப் போட்டவனெல்லாம் எங்க ஆபீஸ் வாசல்ல வந்து அழுதிருக்கறான், தெரியுமா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளை, வெள்ளைச் சட்டை போட அவசரப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆடி முடிவதற்குள் மாஸ்டர் களைத்துவிட்டார். "அம்பது பேரச் சேத்திருக்கறேனுங்க. ஒருத்தர்கூட இதப் படிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, நான் கேட்டதை எல்லாம் ஏறக்குறைய ஒத்துக்கொண்டார். வெளியே பயன்படுத்தக் கூடாது என்ற இடத்தில் "தற்காப்புக்கு அல்லாமல்" என்று சேர்க்க வைத்தேன். பெல்ட் பரீட்சையில் முதல் இரண்டுக்குக் கட்டணம் இல்லை என்று வாங்கினேன். ஏழாவது ஷரத்தை முழுக்க அடித்தேன். ஆறு மாதத்துக்குள் எந்தக் காரணத்தால் விலகினாலும், பயின்ற மாதங்களுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டியது, மேற்கொண்டு பாத்தியதை எதுவும் இல்லை என்று புதிதாக டைப் செய்தேன். அடித்த இடங்களில் எல்லாம் அவரைச் சுருக்கொப்பம் போட வைத்தேன். பக்கத்துக்கு அடியில், அடித்தல் இத்தனை, திருத்தல் இத்தனை, இடைச்செருகல் இத்தனை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். கராத்தே பள்ளி ஒன்றின் தாளில் அப்படி எழுதப்பட்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். எங்கள் எழுத்தர் அதைப் பார்த்து, "இனி நானே உங்கிட்டத்தான் கத்துக்கோணும்" என்றார். அவர் யாரையும் லேசில் புகழமாட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வந்தார். தங்கை உள்ளே சீருடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் ஷரத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஆறு மாசத்துக்குள்ள எப்ப வேணுமின்னாலும் நிறுத்திக்கலாமுங்கப்பா. பணம் போகாது" என்றேன். அப்பாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். காப்பாளர் இடத்தில் அவரும் சாட்சி இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டோம்.

கற்றுக்கொடுத்தது பணத்துக்குத் தகுமா என்று கேட்டால், முதல் ஒரு மாதம் நான் தகாது என்றுதான் சொல்லியிருப்பேன். துணைக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்ததில், நிற்பதற்கே நான்கு வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். காலை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரை மேல் உட்கார்ந்தவள் மாதிரி நிற்க வேண்டும். அப்புறம் கத்த வேண்டும். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்தாலே அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். இங்கே சத்தம் போதவில்லை என்று மாஸ்டர் திரும்பத் திரும்பக் கத்தச் சொன்னார். எருமை விலையில் நிற்கவும் கத்தவும் கற்றுக்கொள்வதா என்று எனக்கு இருந்தது.

புரட்டாசியில்தான் நான் அதைக் கவனித்தேன். காலையில் சாலையின் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற தங்கை வேறு மாதிரி நின்றாள். புத்தகங்கள் மார்பில் இல்லை. ஒரு ஜோல்னாப் பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தாள். கை இரண்டும் சும்மா தொங்கின. பஸ் வருகிற திசையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன, நான் இடுக்கில் எட்டி எட்டிப் பார்த்தேன். அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பணம் தகும் என்று அன்றைக்கு மனதுக்குள் ஒப்புக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மாலை, கல்லூரி விட்டு வரும் பஸ்ஸில் கூட்டம். பின்னால் நின்ற ஒருவன் அவள் இடுப்பில் கை வைத்திருக்கிறான். அவள் திரும்பாமலே அவன் இரண்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கிவிட்டாள். அவன் போட்ட அலறலில் கண்டக்டர் விசிலடித்து, மல்லூரில் பஸ்ஸை நிறுத்தினார். அவன் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனான். அவ்வளவுதான் நடந்தது. அவள் வேறு யாரையும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இறங்கி, வழக்கம்போல் நடந்து வந்தாள்.

அவளுக்கு முன்னால் கதை வந்து சேர்ந்துவிட்டது. பால் சொசைட்டியில் விரலை ஒடித்தாள் என்றார்கள். டீக்கடையில் அது கையாகிவிட்டது. இருட்டுவதற்குள் அவள் அவனை ஓடுகிற பஸ்ஸிலிருந்து உதைத்துத் தள்ளிவிட்டாள் என்றாகிவிட்டது. கை வைத்தவன் யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. விரலை மடக்கியவள் யார் மகள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்தது.

அப்பா அவளைத் திட்டவில்லை. "உனக்கு அடி கிடி பட்டுச்சா சாமி?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "இருக்கட்டும் அம்முணி. படிச்சது போதும்" என்றார்.

நான் பேசினேன். தப்பு அவளுடையது இல்லை என்றேன். "தெரியுமே" என்றார். அவள் செய்தது சரிதானே என்றேன். அதற்கும் ஆமாம் என்றார். "பேச்சு வந்துபோச்சில்ல" என்றார் அப்புறம். ஆனால் தங்கை கலங்கவே இல்லை. கையில் துருப்புச் சீட்டு வைத்திருக்கிறவள் மாதிரி அமைதியாக நின்றிருந்தாள்.

"ஏனுங்கப்பா, கராத்தேக்குப் பாதிப் பணம் கட்டியாச்சுங்களே" என்றாள். "நான் நின்னுபோட்டா அது வராது. தையில மீதியும் நாம கட்டோணும். மூணு வருசத்துக்கும் சேலம் போய்த்தான் ஆகோணும். அதுக்குப் போறதுன்னா காலேஜுக்கும் போய்க்கறேனுங்க."

அப்பா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது.

"அதெல்லாம் இல்ல சாமி. எப்ப வேணுமின்னாலும் நிறுத்திக்கலாம், பணம் திரும்ப வந்துரும். அக்காதான் எழுதி வாங்கியிருக்குது" என்றார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு என்னை அவள் பார்த்த பார்வையைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பையைத் தோளிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் நாணயமானவர். ஒரு வார்த்தை தகராறு செய்யாமல், எழுதியபடி பிடித்தது போக மீதியைக் கொடுத்தார். "நல்லா வந்திருக்க வேண்டிய பொண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கு ரசீது ஒன்று வேண்டும், அதில் மாணவியும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். முறைதானே. மறுநாள் ஆபீஸில் நானே டைப் செய்து கொண்டுவந்தேன்.

தங்கை களத்தில் காயப் போட்டிருந்த நிலக்கடலை நடுவில் உட்கார்ந்து சொத்தைக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தாளை நீட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"மூணு வருசம்னு பாத்துத்தாங்க்கா அந்த எடத்தப் புடிச்சேன்" என்றாள். "பணம் திரும்ப வராதுன்னு போட்டிருந்துச்சு. அப்பாவப் பத்தி உனக்குத் தெரியாதா? கட்டிப்போட்டாருன்னா விடமாட்டாரு. டிகிரியும் மூணு வருசந்தானே."

அப்பாவின் குணத்தை அவளைவிட எட்டு வருடம் கூடுதலாக அறிந்தவள் நான். உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்காகத்தான் பண்ணுனெ. தெரியும்" என்று அவளே சொல்லிவிட்டாள். கோபமாகச் சொன்னாலாவது நன்றாக இருந்திருக்கும். "என்னெ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

நான் டைப் செய்கிற ஒவ்வொரு பத்திரத்தின் முடிவிலும் ஒரு வரி வரும். மேற்படி ஷரத்துகளைப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு சம்மதித்தேன் என்று. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவையாவது அதை அடிப்பேன். பார்க்காமலே விரல் ஓடும். ஆடி மாதம் பூராவும் மாஸ்டரிடம் கேட்டேன், எழுத்தரிடம் கேட்டேன், அப்பாவிடம் சொன்னேன். அவளிடம் ஒரு ஷரத்தையும் படித்துக் காட்டவில்லை. அவளுக்குச் சம்மதமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எங்க போடோணும்?" என்று கேட்டாள்.

நான் இடத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கி, தாளைத் தொடை மேல் வைத்து, கல்லூரியில் போடுவதற்காகப் புதிதாகப் பழகியிருந்த இங்கிலீஷ் கையெழுத்தை அழகாகப் போட்டுக் கொடுத்தாள்.